லெப்ரகான் 4: இவ்வளவு வசை தேவையில்லை

அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் லெப்ரகான் என்ற குட்டிப் பூதத்தை வைத்து எடுத்த திகில் படத் தொடரில் நான்காவது 'லெப்ரகான் 4: இன் ஸ்பேஸ்'. அதைத் தொடரின் மட்டமான படம் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. செட் அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறது, கிராபிக்ஸ் பழைய வீடியோ கேம் தரம்தான், சரி. தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோ கேசட்டில் வந்த படம் அது. இருந்த காசில் அவ்வளவுதான் முடியும்.

ஆனால் பூதமாக நடித்த வார்விக் டேவிஸைப் பாருங்கள். மூன்றரை அடி உயர மனிதர். முகம் முழுக்க ரப்பர் ஒப்பனை, கண்ணும் வாயும்தான் மிச்சம். அதற்குள்ளிருந்து இளவரசியைக் கட்டிக்கொண்டு ராஜாவாகத் துடிக்கும் குட்டிப் பூதத்தை எவ்வளவு ரசித்துச் செய்திருக்கிறார்! கடைசியில் அந்தப் பூதம் ராட்சத உருவம் எடுத்து விண்கப்பலுக்குள் நடந்து வரும்போது நான் கைதட்டியே விட்டேன்.

அயர்லாந்துப் பூதம் விண்வெளிக்கு எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். படம் அதற்குக் காரணமே சொல்வதில்லை. எனக்குப் பிடித்ததே அந்தத் துணிச்சல்தான். அப்புறம், 1992இலேயே 'கிரிட்டர்ஸ் 4' என்ற இன்னொரு திகில் படம் விண்வெளிக்குப் போய்விட்டது. அதைப் பற்றியும் எழுதுங்கள்.