கதைக்கோப்பு தளர்ந்தாலும் நகைச்சுவை தளரவில்லை

டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்ற நகைச்சுவை அறிவியல் புனைகதை நாவலைப் பற்றிய கட்டுரையில், நாவலின் கதைக்கோப்பு தளர்வானது, முடிவு பாதியில் அறுந்து நிற்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்கிறேன். 1978இல் பிபிசி வானொலித் தொடராக வந்து மறு ஆண்டு நாவலான கதை என்பதால், பல அத்தியாயங்கள் தனித்தனிக் காட்சிகளாகவே தங்கிவிட்டன. வானியற்பியல் படித்த பெண் பாத்திரமான டிரில்லியனுக்குக் கதையில் பெரிதாக வேலையே இல்லாததுதான் எனக்கு இன்னும் பெரிய குறை.

ஆயினும், புறவழிச்சாலைக்காக நாயகன் ஆர்தரின் வீட்டை இடிக்க வந்தவர் திட்ட வரைபடம் ஒன்பது மாதங்களாகப் பார்வைக்கு இருந்ததே என்று வாதிடுவதும், அது நிலவறையில், பயன்படாத கழிப்பறைக்குள், பூட்டிய அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததாக ஆர்தர் சொல்வதும், சற்று நேரத்தில் விண்வெளிப் புறவழிக்காகப் பூமியே தகர்க்கப்படுவதும் எத்தனை நேர்த்தியாகப் பின்னப்பட்டிருக்கின்றன! நான்குவழிச் சாலைக்கு வயலையும் தோப்பையும் கொடுத்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு அந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை; தக்கலையில் நண்பர்களுக்கு அதை வாசித்துக் காட்டியபோது, முதலில் சிரித்தவர் நிலம் கொடுத்தவர்தான்.

அறுந்த முடிவை 1980இல் வந்த இரண்டாம் நாவல் தொடர்வதால், இரண்டையும் சேர்த்து மதிப்பிட்டு எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.