'ஆர்ச் போடு' என்கிறீர்கள், ரீலோட் யார் போடுவது?

அக்காவின் மகன் பாண்டியன்குளத்தில் இருந்து ஏ/எல்லுக்கு ஐசிடி படிக்கிறான். கையில் இருப்பது கிளிநொச்சியில் எடுத்த செக்கன்ட் ஹாண்ட் லப்டொப், ஆறாம் தலைமுறை இன்டெல், பற்றறி பேருக்குத்தான் இருக்கிறது. விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, 11 இந்தப் புரொசசரை ஏற்காது, ஆகவே பெடியன் லினக்ஸ் பக்கம் வந்திருக்கிறான். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மாமா, ஒருக்காப் போட்டால் பிறகு புது வேர்சன் புது வேர்சன் என்று அழிச்சு அழிச்சுப் போடாமல், அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கிற லினக்ஸ் இருக்குதாமே, அதில புதுசாப் பழகிறவனுக்கு எது நல்லம்?"

இதற்கு வந்த பதில்களைப் பார்த்துத்தான் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

கனடாவில் இருக்கிற சொந்தக்காரப் பொடி வட்ஸ்அப்பில் ஒரே வரி: "ஆர்ச் போடு, மற்றதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு." ஆர்ச் என்பது அவன் கேட்ட மாதிரி அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கிற ஒரு லினக்ஸ், அந்த வகைக்குப் பேர்தான் ரோலிங். இன்னொருவர், "உனக்கு ரோலிங் எதுக்கு, மின்ட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இரு." மூன்றாமவர், "ஆர்ச்சின் விக்கியைப் படி." தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கில விக்கியைக் காட்டிவிட்டால் கடமை முடிந்ததாம்! மின்ட் ரோலிங் இல்லாத, வேர்சன் வேர்சனாக வருகிற லினக்ஸ்; நல்ல சாமான்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவன் கேட்டது அது இல்லையே ஐயா. கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே.

இவர்கள் எல்லோருக்கும் 'புதியவருக்கு ஏற்றது' என்றால் இன்ஸ்டோலர் அழகாக இருப்பது. ஆர்ச்சை வைத்துச் செய்த எண்டெவர்ஓஎஸ் பாருங்கள், நாலு தடவை நெக்ஸ்ட் அமத்தினால் ஆர்ச் உள்ளே போய்விடும் என்கிறார்கள். ஆர்ச்சே 2021இலிருந்து ஆர்ச்இன்ஸ்டோல் என்று ஓர் இன்ஸ்டோலரைச் சேர்த்துத்தான் தருகிறது. சரி, இன்ஸ்டோல் பண்ணுவது ஒருநாள் வேலை. அப்புறம்? ரோலிங் என்றால் அப்டேட்தான் முழு வாழ்க்கையும். அந்த அப்டேட் எத்தனை மெகாபைட் தின்னும், நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும், பழுதானால் பழையபடி திரும்பி வர வழி உண்டா? இந்த மூன்றையும் ஒரு மனிதனும் வாய் திறந்து சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பகல் டேட்டா என்பது சோறு மாதிரி அளந்து போடுவது. பெரிய டவுன்லோட் எல்லாம் இரவு டேட்டாவுக்குத்தான், பன்னிரண்டு மணி தாண்டினால்தான் தொடங்கலாம். அதுவும் போனை யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஹொட்ஸ்பொட் போட்டால்தான் சிக்னல் ரெண்டு கோடாவது நிற்கும். இந்த நிலைமையில் ஆர்ச் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஒரு மாதம் அப்டேட் பண்ணாமல் இருந்துவிட்டு, தமிழ் தட்டச்சுக்கு ரெண்டு மூன்று மெகாபைட்டில் ஏதாவது ஒன்றைப் போடலாம் என்று போனால், முதலில் முழு சிஸ்டத்தையும் அப்டேட் பண்ணு என்கிறது. பாதி அப்டேட் பண்ணி வைத்தால் அதற்கு அவர்கள் பொறுப்பில்லை, அதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். லிப்ரே ஆபிஸில் ஒரு சின்னத் திருத்தம் வந்தாலும் நூறு மெகாபைட்டுக்கு மேல் முழுதாக இறங்க வேண்டும். மாறின துண்டை மட்டும் இறக்குகிற டெல்டா வசதி ஆர்ச்சின் பொதி இறக்கும் கருவியான பாக்மனில் முன்னர் இருந்தது, பாதுகாப்பு ஓட்டை என்று 2019இல் அதையும் கழற்றிவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான், ஆனால் காசு எங்கள் பொக்கற்றிலிருந்து போகிறது.

பழுதாவதைப் பற்றிக் கேட்டால், "நான் பல வருடமாகப் பாவிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். 2022 ஓகஸ்டில் குரப் என்கிற, கணினியைத் தொடக்கிவிடும் நிரலுக்கு ஒரு அப்டேட் வந்து எண்டெவர்ஓஎஸ் பாவித்த கனபேருடைய கணினி பூட் ஆகாமலே போனதே, அது என்ன? பென்டிரைவில் இருந்து லைவாக ஏற்றி, குரூட் அடித்துப் பழுதான சிஸ்டத்துக்குள் நுழைந்து, குரப்பைத் திரும்பப் போட வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே கணினி அதுதான் என்றால் அந்தப் பென்டிரைவை எதில் செய்வது, மாங்குளத்துக்குப் பஸ் ஏறியா? ஆர்ச்சை வைத்தே செய்த மஞ்சாரோ இதைவிடப் பாதுகாப்பு, ஆர்ச்சின் பொதிகளைக் கொஞ்ச நாள் தடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள் என்று ஒருவர் வக்காலத்து வாங்கினார். ஆனால் ஏயூஆரில், அதாவது ஆர்ச் பாவனையாளர்களே பொதிகளைச் சேர்க்கிற களஞ்சியத்தில், இருக்கிறதெல்லாம் இன்றைய ஆர்ச்சை நம்பி எழுதப்பட்டவை, அதுவும் இதுவும் ஒத்துவராமல் இழுபடும். பிறகு, 2015இல் தங்கள் தளத்தின் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிட்டு, கணினிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புங்கள் என்று சனத்துக்குச் சொன்னவர்களும் இந்த மஞ்சாரோக்காரர்கள்தான்.

புதுசு என்றாலே பாதுகாப்பு என்கிற கதையையும் 2024 மார்ச்சோடு விட்டிருக்க வேண்டும். எக்ஸ்இசட் என்கிற சுருக்கும் கருவியில் எவனோ ஒளித்து வைத்த பின்கதவு, ஓப்பன்சூசேயின் ரோலிங் லினக்ஸான டம்பிள்வீட், டெபியனின் சோதனைக் கிளைகள் போன்ற முந்திக்கொண்டு ஓடுகிறவைக்குள்தான் நுழைந்தது. டெபியனின் நிதானமான ஸ்டேபிள் கிளைக்கு வரவில்லை. இதைச் சொன்னால் எனக்கு ரோலிங் பிடிக்காது என்கிறார்கள். பிடிக்காமல் இல்லை, உண்மையைச் சொல்லிவிட்டுப் பரிந்துரையுங்கள் என்கிறேன்.

நான் பெடியனுக்குச் சொன்னது ஓப்பன்சூசே டம்பிள்வீட். அந்த எக்ஸ்இசட் கதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதில் ஒவ்வொரு வெளியீட்டையும் ஓப்பன்கியூஏ என்று ஒரு தானியங்கி ஏற்பாடு ஓட்டிப் பார்த்த பிறகுதான் விடுகிறார்கள். அதைவிடப் பெரிய விசயம், பிடிஆர்எஃப்எஸ் என்கிற அதன் கோப்பு முறைமையில் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்சொட், அதாவது சிஸ்டம் அப்போது இருந்த நிலையின் பதிவு, எடுத்து வைக்கிறது. கரண்ட் போய்க் கவிழ்ந்தாலும், பூட் மெனுவில் முந்தின ஸ்னாப்சொட்டைத் தெரிவு செய்து உள்ளே போய், பழைய நிலைக்குத் திரும்ப ரோல்பேக் கொடுக்கலாம். பென்டிரைவும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். தினமும் அப்டேட் பண்ணு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மாதம் ஒருமுறை இரவு டேட்டாவில் பண்ணினாலும் சரி. ஆனால் நிரல்களைக் கட்டுகிற கம்பைலர் மாறி எல்லாவற்றையும் திரும்பக் கட்டியிருந்தால் அன்றைக்கு ஒரு ஜீபியைத் தாண்டும். அதையும் அவனுக்கு முதலே சொல்லிவிட்டேன்.

அதிலும் எரிச்சல் இல்லாமல் இல்லை. வீடியோ ஓட வேண்டிய கோடெக்குகளுக்கு பாக்மான் (Packman, ஆர்ச்சின் பாக்மன் வேறு) என்கிற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்தால், அது சில நாள் பிந்தி நிற்கும். அந்த நேரம் டம்பிள்வீட்டை அப்டேட் பண்ணுகிற சிப்பர் என்கிற கருவி ஆங்கிலத்தில் ஒரு நீளக் கதை சொல்லி, தீர்வு 1, தீர்வு 2, தீர்வு 3, எது வேண்டும் என்று கேட்கும். புதிதாய்ப் பழகுகிற பிள்ளை எதைத் தெரிவு செய்யும்? ஒன்றையும் தெரிவு செய்யாதே, சி (c) அடித்து நிறுத்திவிட்டு மூன்று நாலு நாள் கழித்துத் திரும்பப் பண்ணு, அநேகமாக அதுவே சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.