குழுவாக உட்கார இடம் ஏது?

தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களுக்கு மனக்கவனப் பயிற்சி (இந்தக் கணத்தில் மனத்தை நிறுத்திப் பழகும் mindfulness) உதவும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். 1979இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவில் தொடங்கிய 8 வார மனக்கவனப் பயிற்சியில் குழுவாகத்தான் உட்காருவார்கள். அங்கேதான் இடிக்கிறது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் வீட்டு வாசலில் யாருடைய மோட்டார் நிற்கிறது என்பது பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். இங்கே தண்டனைச் சட்டம் 377பி பிரிவில் ஆணும் ஆணும் உடலுறவு கொண்டால் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி வேறு. எவன் வருவான்?

நான் தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு), எல்லாரும் தூங்கியபின் இயர்போன் மாட்டிக்கொண்டு பயில்கிறேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டு, "என்னடா, சாமியாராகப் போறியா?" என்றார். சரி, அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். (பெண் பார்க்கும் பேச்சும் ஒரு மாதம் நின்றது!) தூக்கம் கொஞ்சம் சீரானது. பயம் அப்படியேதான் இருக்கிறது. தமிழில் நல்ல ஒலிப்பதிவு இருந்தால் யாராவது சொல்லுங்கள்.