"நாளைக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள்

மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவசரக் கருத்தடை கேட்டு வரும் பெண்ணை "டாக்டர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை.

அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை, பாதுகாப்பற்ற உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள். இது நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த 72 மணி நேரத்தை ஏதோ கடைசித் தேதி போல நினைத்து, இன்னும் நேரம் இருக்கிறதே என்று இருந்துவிடுகிறோம். இந்த மாத்திரை செய்வதெல்லாம் கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவதுதான். முட்டை வெளியாகிவிட்டால் அப்புறம் அதனால் பலன் இல்லை. அவள் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நேரத்திலேயே அது நடந்துவிடலாம்.

இது கருவைக் கலைக்கும் மாத்திரையும் அல்ல. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. துறைக்குள்ளேயே இன்னும் இந்தக் குழப்பம் இருப்பது வேதனை.

மாத்திரை கொடுக்க உள்பரிசோதனை தேவையில்லை, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியும் தேவையில்லை. எப்போது உறவு நடந்தது, கடைசி மாதவிடாய் எப்போது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள், இவ்வளவு கேட்டால் போதும். மருந்து பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபைன் போன்றவை லெவோநார்ஜெஸ்ட்ரலின் வீரியத்தைக் குறைத்துவிடும். இவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு, கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி நல்லது, முடியாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் இரட்டை அளவு.

காப்பர் டி பற்றிப் பலர் வாயே திறப்பதில்லை. உறவு நடந்த ஐந்து நாட்களுக்குள் பொருத்தினால் இருப்பதிலேயே அதிகம் பலன் தருவது அதுதான், உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கும் சேர்த்து. பொருத்தத் தெரிந்தவர் பணியில் இல்லையென்றால், இருக்கும் இடத்துக்கு நாமே போன் செய்து நேரம் வாங்கித் தரலாம். அங்கே போவதற்குள் ஏதாவது தடங்கல் வரலாம் என்பதால் மாத்திரையையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள். நான்காம், ஐந்தாம் நாள் வருபவர்களுக்கு யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் என்ற இன்னொரு அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது, 120 மணி நேரம் வரை தரலாம்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டாக்டருக்காகக் காத்திருக்காமல் நர்ஸே கொடுக்கும்படி எழுத்தில் நிலையான உத்தரவு போடுங்கள். மாத்திரை இரவுப் பணி அறையிலும் இருக்கட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளாகி நடு இரவில் வருபவளை, மருந்தகம் காலையில் திறக்கும்வரை உட்கார வைப்பது கொடுமை.

கொடுத்து அனுப்பும்போது சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி ஒன்று போட வேண்டும். மூன்று வாரத்தில் மாதவிடாய் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். யூலிப்ரிஸ்டல் எடுத்தவர் வழக்கமான ஹார்மோன் மாத்திரையைத் தொடங்க ஐந்து நாள் பொறுக்க வேண்டும்.