தம்பியின் சம்பளச் சிலிப்பும் எங்கள் ஐஸ் கம்பெனியும்

வீட்டுத் தொழில் நொடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டுப் பையன் ராணுவத்தில் இருந்தால், அவனை ஜாமீன் கையெழுத்துக்குக் கூப்பிடாதீர்கள். வேலையை விட்டுவிட்டு வா என்றும் கூப்பிடாதீர்கள். இதை ஒரு கல்யாண வீட்டில் சொல்லப்போய், "குடும்பத்தைப் பிரிக்கிறா" என்று பேர் வாங்கியிருக்கிறேன். அங்கே முழுதாகப் பேச விடவில்லை, பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. அப்பா ஆரம்பித்தது. இப்போது அண்ணன் நடத்துகிறார், கணக்கு வழக்கு என் கையில். தம்பி ராணுவத்தில். கடல் பக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கேன்களை இறக்கி, அமோனியா கம்ப்ரசரை ஓட்டி, தண்ணீரைப் பெரிய பாளங்களாக உறையவைத்து, உடைத்துப் படகுக்கு ஏற்றுகிற தொழில் இது. மூலப்பொருள் என்று பார்த்தால் தண்ணீரும் கரண்டும்தான். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரே விலைக்குத்தான். கரண்டு அதற்கு மேல். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது நிலைக் கட்டணமும் சேர்ந்து ஏறியது. கம்ப்ரசர் ஓடினாலும் சும்மா நின்றாலும், வாங்கி வைத்திருக்கும் மின்பளுவுக்கு மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். நாட்டுப்படகுகள் போகும், ஆனால் அவர்கள் எடுக்கிற ஐஸை வைத்து ஆள் கூலி கொடுப்பதே பாடு. தடைக்காலம் முடிந்தாலும் இங்கே விசைப்படகு தினமும் கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. அதிலும் ஒருநாள் புயல் கூண்டு, ஒருநாள் வேலைநிறுத்தம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஐஸ் பாக்கி. படகுக்கு ஐஸ் கடனுக்குத்தான் ஏறும். மீனோடு திரும்பி வந்தால் பணம் வரும். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால்? 2018இல் அந்த நாட்டில் வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கோடிக் கணக்கில் உயர்த்திவிட்டார்கள். படகின் சொந்தக்காரர் நேரில் போய் அங்குள்ள நீதிமன்றத்தில் நிற்காவிட்டால் படகு அரசுடைமை. படகையே பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷரிடம் போய் ஐஸ் பாக்கியைக் கேட்க முடியுமா? கேட்க வாய் வராது. கேட்காவிட்டால் கரண்டு பில் கட்ட முடியாது. என் நோட்டில் இப்படி வராக்கடனாகவே நிற்கிற பெயர்கள் நிறைய.

இந்த நிலையில் கடனுக்கு எங்கே போனாலும் அண்ணனிடம் மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். தம்பியின் சம்பளச் சிலிப்பை எடுத்து நீட்டினால் நாற்காலி போடுவார்கள். மாதம் பிறந்தால் கணக்கில் ஏறும் அரசுச் சம்பளம் அல்லவா? ராமநாதபுரம் கரையில் கருவாட்டு வியாபாரம், கரிமூட்டம், உப்பளம், லாரி என்று எந்தத் தொழில் ஆட்டம் கண்டாலும் சொந்தக்காரர்கள் சொல்கிற முதல் வார்த்தை இதுதான்: "ஒருத்தன் பட்டாளத்துல இருக்கான்ல, அப்புறம் என்ன?"

என்ன என்று சொல்கிறேன். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28ஆவது பிரிவைப் பாருங்கள். படைவீரரின் சம்பளத்தையும் படிகளையும் கடன் தீர்ப்புக்காக எந்த சிவில் நீதிமன்றமும் வருவாய் நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. அடுத்த பிரிவு, 29: படையில் இருக்கும்வரை கடனுக்காக அவரைக் கைது செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவும் அந்தச் சம்பளத்துக்கு விலக்குக் கொடுக்கிறது. ராணுவச் சட்டத்துக்கு முன்பே, 1925இலேயே, போர்முனை போன்ற இடங்களில் பணியில் இருக்கும் வீரருக்கு எதிரான வழக்கை ஒத்திவைக்க வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். அவனுக்குப் பாசமெல்லாம் கிடையாது. துப்பாக்கி பிடிக்கிறவன் தலையில் வட்டிக் கணக்கு ஓடக்கூடாது என்கிற புத்தி மட்டும் இருந்தது. ஆக, கடன்காரன் உள்ளே வராமல் அரசாங்கம் படைவீரனைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறது. நாம்தான் உள்ளேயிருந்து படலைத் திறந்துவிடுகிறோம். தானாக முன்வந்து தனிநபர் கடன் எடுத்து, மாதத் தவணையைக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு அந்தப் பிரிவுகளால் அவனுக்கு என்ன பிரயோஜனம்?

இன்னொன்று. பணியில் இருக்கும் வீரர் தனியாக வியாபாரம் நடத்தக்கூடாது. அதனால் கம்பெனி எப்படி நடக்கிறது, யாருக்கு எவ்வளவு கடனுக்கு ஐஸ் போகிறது, எந்தப் படகுக்கு நிறுத்த வேண்டும் என்பதில் தம்பிக்கு ஒரு சொல்லும் கிடையாது. நடத்தும் உரிமை இல்லை, நஷ்டத்தில் மட்டும் பங்கு. வெளியாள் யாராவது இப்படி ஒரு ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவோமா? தம்பி என்பதால் போடச் சொல்கிறோம். அண்ணன் மீதும் கோபித்துக்கொள்ள முடியவில்லை, அவரும் வேறு வழியில்லாமல்தான் கேட்டார்.

லீவு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமான படைவீரருக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. கேட்பதற்கு நிறையத் தெரியும். கேட்ட நேரத்தில் கிடைக்காது என்பது பட்டாளத்து வீட்டுக்குத்தான் தெரியும். பஞ்சாபில் இருந்தபோது ராமேஸ்வரம்–ஃபிரோஸ்பூர் ரயில் வாரத்துக்கு ஒன்று, அதைப் பிடித்து வந்து இறங்குவான். இறங்கிய மறுநாள் காலையில் கேன் தூக்கப் போய்விடுவான். ஜூன் மாதம் தடைக்காலம் முடிகிற சமயத்தில் எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் வேண்டும். "நீ வர்றதா இருந்தா அப்ப வாடா" என்று வீட்டிலேயே சொல்வார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளையோடு ஏர்வாடி வரை போய்வரக்கூட நேரம் இருக்காது. விடுப்பு எதற்காகத் தருகிறார்கள்?

சரி, வேலையை விட்டுவிட்டு வந்து தொழிலைத் தூக்கி நிறுத்தலாமே என்று கேட்பவர்களுக்கு. எங்கள் மாமா ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். "சொந்தக் கம்பெனி இருக்கும்போது எவனுக்கோ எதுக்கு சல்யூட் அடிக்கணும்?" படைவீரருக்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 வருடப் பணி வேண்டும். பன்னிரண்டாவது வருடத்தில் விட்டுவிட்டு வந்தால் மாத ஓய்வூதியம் இல்லை. பதினைந்தை முடித்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படியோடு, ஆயுள் முழுக்க. அவனுக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். இவ்வளவையும், தடைக்காலத்தில் படுத்துவிடுகிற ஒரு கம்ப்ரசருக்காக விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் மாமா. குடும்பச் சூழலைக் காட்டிக் கருணை அடிப்படையில் முன்கூட்டியே வெளியே வர வழி இருக்கிறது, மறுக்கவில்லை. அப்பா அம்மாவைப் பார்க்க வேறு ஆளே இல்லாதவர்களுக்கு அது உண்மையிலேயே தேவைப்படும். கடனில் இருக்கும் தொழில் அந்தக் கணக்கில் வராது என்பது என் அபிப்பிராயம்.

தொழிலும் வேண்டும், பட்டாளமும் வேண்டும் என்கிறவர்களுக்கு டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1949 அக்டோபர் 9 அன்று நம் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்து தொடங்கிவைத்த படை அது. வேலையோ சொந்தத் தொழிலோ உள்ளவர்கள்தான் சேர முடியும், வருடத்தில் கொஞ்ச காலம் பயிற்சி. ஆனால் கூப்பிட்டால் போயாக வேண்டும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில், அந்தப் படையினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தைத் தரைப்படைத் தளபதிக்குக் கொடுத்து அரசு ஆணை போட்டதைப் பார்த்தோம். நன்றாக ஓடுகிற கடை என்றால் முதலாளி போனாலும் சம்பளத்துக்கு ஆள் போட்டுச் சமாளிக்கலாம். தள்ளாடுகிற கடைக்கு அது சரிப்படாது.

எனக்கு இப்போது பெரிய கவலை அக்னிவீர் பையன்கள்தான். நான்கு வருடத்துக்கு மட்டும் படைக்கு ஆள் எடுக்க 2022 ஜூனில் அறிவித்த திட்டம். 2023 தொடக்கத்தில் பயிற்சியில் இருந்த முதல் அணிக்கு நான்கு வருடம் முடிகிற காலம் இது. அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு, மற்றவர்கள் ஊருக்கு. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு கையில் 21,000. பிடித்த பணமும் அதே அளவு அரசுப் பணமும் வட்டியும் சேர்ந்து, முடிக்கும்போது சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம். ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது. வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. இடையில் சொந்த விருப்பத்தில் வெளியேறவும் முடியாது, மிக அபூர்வமான காரணத்துக்கு அனுமதித்தால்தான் உண்டு. அப்படி வந்தால் தான் கட்டிய பணமும் அதன் வட்டியும் மட்டும் கிடைக்கும், அரசின் பங்கு கிடைக்காது.

என் சித்தி மகன் அந்த முதல் அணியில் ஒருத்தன். அவன் இன்னும் வெளியே வரவில்லை, அந்த 11 லட்சத்துக்குச் சித்தப்பா ஏற்கெனவே வரவு செலவு போட்டுவிட்டார். வல்லம் படகுக்கு இன்ஜின், பழைய வட்டிக்கடன், மிச்சத்தில் கருவாட்டுக் கொட்டகைக்குக் கூரை. பையன் ஊருக்கு வரும்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. அந்தப் பணம்தான் அவனுடைய ஓய்வூதியம், பணிக்கொடை, அடுத்த படிப்புக்கான காசு எல்லாமே. அப்பாவின் கடனைத் தீர்ப்பது பிள்ளையின் கடமை என்று வாதாடுவார்கள் என்று தெரியும். தீர்க்கட்டும், அவனாகச் சம்பாதித்துத் தீர்க்கட்டும்.

உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தம்பி இப்போதும் பணம் அனுப்புகிறான். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கிற தொகையைக் கொடுக்கிறான், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. மற்றதை நாங்கள்தான் குறைத்துக்கொண்டோம். மின்பளுவைக் குறைக்க எழுதிக் கொடுத்தோம், நிலைக் கட்டணம் இறங்கியது. ஒரு தொட்டியை மூடினோம். படகுக்கு இவ்வளவுக்கு மேல் பாக்கி இல்லை என்று சுவரில் எழுதிப் போட்டதில் இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கம்பெனி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடுகிறது, பிழைக்குமா என்று சத்தியம் செய்ய முடியாது.

அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்கு வருடத்தில் வெளியே வருகிற அக்னிவீருக்கு இந்தத் திட்டம் முன்னாள் படைவீரர் என்ற தகுதியைத் தரவில்லை. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது, ஆட்சியர் அவர்களுக்குக் குறைதீர்க்கும் கூட்டம் நடத்துகிறார். இந்தப் பையன்கள் எந்தப் படி ஏறுவார்கள்? பெரிய சலுகைகூட வேண்டாம். பணம் கைக்கு வருவதற்கு முந்தின மாதம் பையனையும் அப்பா அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்து, இந்தப் பணம் எதற்கு என்று ஓர் அதிகாரி அரைமணி நேரம் பேசினால் போதும். வீட்டு ஆள் சொன்னால் பிரிக்கிறாள் என்பார்கள், அதிகாரி சொன்னால் கேட்பார்கள்.

அதுவரை எங்கள் வீட்டில் நான்தான் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைப் பார்க்கத் தொண்டிக்குப் போகிறேன். கோபப்படுவார். படட்டும்.