வளைவுக்குப் பின்னால் எடுத்த படங்கள்

ஏற்காட்டுக்கு பஸ் ஏறும்போதெல்லாம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் போகிறேன். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. போன வாரம் விடாத மழை. அம்மாவும் நானும் ராத்திரிக்கு ஒரு படமாக, அந்த ஸ்டுடியோ படங்களையே பார்த்தோம்.

முதலில் ‘மந்திரி குமாரி’ (1950). எம்.ஜி.ஆர். படம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் படத்தைத் தூக்கிக்கொண்டு போவது வில்லன் எஸ்.ஏ. நடராஜன். ராஜகுருவின் மகன், ராத்திரியில் கொள்ளைக்காரன். கலைஞரின் வசனம் அவர் வாயில்தான் அதிகம் மின்னுகிறது. ‘வாராய் நீ வாராய்’ என்று மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப் போவது கொல்வதற்காக! சின்ன வயதிலிருந்து அதைக் காதல் பாட்டாகவே கேட்டு வந்தேன். திருச்சி லோகநாதன் குரலில் இருக்கும் கனிவு இப்போது வயிற்றைப் பிசைகிறது. சாகும் முன் உங்களைச் சுற்றி வந்து கும்பிட வேண்டும் என்று மனைவியாக வரும் மாதுரி தேவி கேட்கிறார். சுற்றி வரும்போதே அவனைத் தள்ளிவிடுகிறார். அம்மா கைதட்டியே விட்டார். இது குண்டலகேசி கதை. பள்ளியில் ஐம்பெருங்காப்பியம் என்று ஐந்து பெயரை ஒப்பித்ததோடு சரி, அதற்குள் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று யாரும் சொல்லவில்லை.

அதே வருடம் அதே ஸ்டுடியோவில் ‘திகம்பர சாமியார்’. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல். முந்தின ராத்திரி ராஜகுருவாகப் பார்த்த நம்பியார் இதில் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் துப்புத் துலக்குகிறார். “இவரா நல்லவரு?” என்று அம்மா பாதிப் படம் வரை நம்பவில்லை. கதை நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. நம்பியாருக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன்.

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பானுமதி வரும் இடமெல்லாம் எம்.ஜி.ஆரை விட்டு அவரைத்தான் பார்த்தேன். அப்புறம் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ஜெய்சங்கரின் துப்பறியும் படம். கதை மனதில் நிற்கவில்லை. வேதா இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ நிற்கிறது.

ராஜா கதை, துப்பறிதல், மாயக்குகை என எதைத் தொட்டாலும் முழு மனதோடு செய்திருக்கிறார் ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர். சுந்தரம். சென்னைக்குப் போகாமல், நம் ஊரிலேயே. எனக்கு வருத்தமெல்லாம், நாங்கள் பார்த்த பிரதிகள் கீறலும் இரைச்சலுமாக இருந்ததுதான். ‘மந்திரி குமாரி’யைச் சுத்தம் செய்து சேலத்தில் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் ஓட்டினால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பேன். யாராவது முயற்சி எடுத்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்து அலைகிறேன்.