துறையின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்

என் வாப்பாவின் தகப்பனார் கீழக்கரையில் சங்கு குளித்தவர். அந்தத் தொழிலைப் பற்றி அன்றைய அரசாங்கம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த கணினியில் ‘சங்கு’ என்று தட்டியபோது, சங்கு பற்பம் செய்யும் முறையைச் சொல்லும் இரண்டு சித்த மருத்துவ நூல்கள் மட்டுமே வந்தன. “அதெல்லாம் கணினியில ஏறலை சார், பைண்டு பண்ணிப் பின்னாடி கிடக்கும். எந்தத் துறை போட்டதுன்னு சொல்லுங்க” என்றார் நூலகர்.

கடைசி வரிசையில், முதுகில் ‘மெட்ராஸ் ஃபிஷரீஸ் புல்லட்டின்’ என்று மட்டும் பொன்னெழுத்து மங்கிக் கிடந்த ஒரு தடித்த கட்டை எடுத்துத் தந்தார். அதற்குள் ஏழாம் எண்ணாக, சங்கைப் பற்றி மதராஸ் மீன்வளத் துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் எழுதி 1914இல் வெளியான ஆய்வு இருந்தது. கீழக்கரைக் குளியாட்களும் அதில் இருக்கிறார்கள். பூச்சி அரித்த ஓட்டை ஒன்று பல பக்கங்களைத் துளைத்துக்கொண்டு போயிருந்தாலும் எழுத்துகள் பிழைத்திருந்தன.

அரசு வெளியீட்டைத் தேடுகிறவர் பொருளைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். இவற்றை எழுதியவர் ஒருவராக இருந்தாலும், நூலகப் பதிவில் ஆசிரியராக நிற்பது பெரும்பாலும் அரசும் துறையும்தான். அந்த அரசின் பெயரும் ஒரே நிலையில் இருந்ததில்லை: மதராஸ் மாகாணம், பிறகு மதராஸ் மாநிலம், 1969 முதல் தமிழ்நாடு. எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் பழைய ஆவணங்களில் ‘ராம்நாட்’ என்றே கிடக்கிறது. 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்து போயின; அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் மாவட்ட மொத்தத்தைப் பார்ப்பவர் சிவகாசியையும் சேர்த்தே பார்க்கிறார். தாலுகா அட்டவணைக்கு இறங்கி, ராமநாதபுரம், முதுகுளத்தூர், பரமக்குடி, திருவாடானை என்று தனித்தனியாக எடுக்காமல் அந்த எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிடுவது வீண். முகநூலில் மாவட்டத்தின் வளர்ச்சியைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இணையத்தில் நிலைமை பாதி நல்லது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டது; பிறகு 1971 வரை நம் மாவட்டத்து மண்டபம் ஊரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்று கொச்சியில் இருக்கும் அந்த நிலையம் தன் பழைய வெளியீடுகளை இலவசமாகத் தரவிறக்க வைத்திருப்பதால், பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளும் அத்துறையின் தளத்தில் கிடைக்கின்றன.

அரசிதழும் அரசாணையும்தான் ஆளைச் சோதிப்பவை. அரசாணைக்குத் துறை, எண், நாள் மூன்றும் கையில் இருக்க வேண்டும். அரசிதழ் என்றால் அது புதன்கிழமை வரும் வழக்கமான இதழா, சிறப்பு வெளியீடா என்பதும் தெரிய வேண்டும். ஸ்கேனரில் வருடிய படங்களாக ஏற்றப்பட்ட பழைய இதழ்களில் சொல்லைத் தட்டித் தேட முடியாது. 61 நாள் மீன்பிடித் தடைக்கும், 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளுக்கும் கட்டுப்பட்டுப் படகைக் கரையேற்றுகிற மனிதருக்கு அந்த அறிவிப்பின் மூல வாசகம் இவ்வளவு தொலைவில் இருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது, கட்டுகளைக் கழித்துவிடலாம் என்று சொல்கிற நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அறிக்கைகளின் இடையே மடித்து வைத்த வரைபடங்களை, வருடியவர்கள் பல பிரதிகளில் விரிக்காமலேயே படமெடுத்திருக்கிறார்கள். திரையில் தெரிவது மடிப்பின் வெளிப்பக்கம் மட்டுமே. கரையும் தீவும் கடலடிப் பாறைத் திட்டான பாரும் எங்கே என்று பார்க்க, அந்தக் கட்டைத்தான் மேசையில் விரிக்க வேண்டியிருக்கிறது. அதைக் கழிப்பதற்கு முன்பு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வெளியீட்டின் தலைப்பையும் ஒரு வரியாகவாவது கணினியில் ஏற்றுங்கள்.